சாண்டில்யனின் கடல்

சாண்டில்யனைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்காரர்கள் பள்ளிப் பருவத்தில் 'கடல் புறா' படித்த கிறக்கத்திலிருந்து இன்னும் இறங்கவில்லை. மற்றவர்கள் அவரை இலக்கியக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. வர்ணனை, கிளுகிளுப்பு, வாரப் பத்திரிகைச் சரக்கு என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறார்கள். அவர் மறைந்தது 1987 செப்டம்பரில். அதற்குப் பிறகு ஒரு தலைமுறை முழுசாக வளர்ந்து வந்துவிட்டது. சென்னைப் புத்தகக் காட்சியில் மூன்று பாகக் 'கடல் புறா' இன்னமும் அடுக்கிவைத்து விற்கப்படுகிறது. தாத்தா படித்த புத்தகத்தைப் பேத்தி வாங்கிப் போகிறாள். இத்தனை காலம் தாக்குப்பிடித்த வாசிப்பை வெறும் ஏக்கம் என்றோ மலிந்த ரசனை என்றோ சொல்லிக் கடந்துவிட முடியாது. இரண்டு கட்சியும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. அவர் வருவதற்கு முன் தமிழ்ச் சரித்திர நாவலில் இல்லாத எது, அவர் போனபோது இருந்தது?

என் பதில், கடல். தமிழ்ச் சரித்திரக் கதையை ஆற்றங்கரையிலிருந்தும் அரண்மனைத் தாழ்வாரத்திலிருந்தும் கிளப்பிக் கப்பலில் ஏற்றியவர் சாண்டில்யன். காற்று, பாய்மரம், நீரோட்டம், துறைமுகச் சுங்கம், வேற்றுமொழி மாலுமி, கொள்ளைக்காரன் ஆகியவையெல்லாம் தமிழனின் பழங்காலத்துக்குள் உண்டு என்று ஒரு பெரும் வாசகர் கூட்டத்தை நம்பவைத்தார். அவருடைய குறைகள் பெரியவை. அவற்றையும் இந்தக் கட்டுரையில் சொல்லத்தான் போகிறேன். ஆனால் இந்த வரவை முதலில் பதிந்துகொள்ளாமல் குறைகளை மட்டும் எண்ணினால் கணக்கு நேராகாது.

இயற்பெயர் பாஷ்யம். 1910 நவம்பர் 10 அன்று திருக்கோவிலூரில் பிறந்தவர். பூர்வீகம் மாயவரத்தை அடுத்த திருஇந்தளூர். வைணவக் குடும்பம், திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரிப் படிப்பு, சுதந்திரப் போராட்டச் சூட்டில் வந்த காங்கிரஸ் பற்று என்று அந்தக் காலத்து நடுத்தர வர்க்க இளைஞனின் வழக்கமான பாதையில்தான் வந்தார். சோறு போட்டது பத்திரிகைத் தொழில். 'சுதேசமித்திர'னில் நிருபராகவும் உதவியாசிரியராகவும் பல ஆண்டுகள் உழைத்தார். பத்திரிகையாளர்களுக்குச் சங்கம் அமைக்கும் முயற்சிகளிலும் முன்னால் நின்றார். நாகையா, பி.என். ரெட்டி போன்றவர்களோடு சினிமாவிலும் சில காலம் வேலை பார்த்தார். 'போராட்டங்கள்' என்று தன் வரலாற்றுக்கு அவர் வைத்த பெயரே அந்த வாழ்க்கையின் தன்மையைச் சொல்லிவிடும். முதல் நாவல் சரித்திரக் கதையே இல்லை. 'பலாத்காரம்' என்ற அரசியல் நாவல் அது, பிற்பாடு 'புரட்சிப் பெண்' என்ற பெயரில் வந்தது. சரித்திரத் தொடர்களால் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயரானபோது அவருக்கு ஐம்பது வயது ஆகியிருந்தது.

இந்தப் பின்னணியை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. கற்பனையில் மிதந்த ஒரு கனவுக்காரர் இவர் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் தினமும் அச்சுக்கு முன்னால் உட்கார்ந்து, நேரத்துக்குள் பக்கம் நிரப்பிப் பழகிய கை அது. அரண்மனைச் சதி, தூதுப் பேச்சு, ஆள்பிடிப்பு, கட்சிமாறல் ஆகியவற்றை அவர் எழுதும்போது ஒரு அரசியல் நிருபரின் கண் அங்கே வேலை செய்வது தெரியும். அவருடைய வில்லன்கள் முட்டாள்களாக இருப்பதில்லை. எதிரி அடுத்து என்ன செய்வான் என்று கணக்குப் போட்டு, அந்தக் கணக்கு எதிரிக்கும் தெரியும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறவர்கள். கதாநாயகன் தோள்வலிமையால் ஜெயிப்பது அபூர்வம். பெரும்பாலும் ஒரு உபாயத்தால்தான் ஜெயிக்கிறான்.

அவருக்கு முன்னால் தமிழில் சரித்திர நாவல் இல்லாமல் இல்லை. திருகோணமலையைச் சேர்ந்த சரவணமுத்துப்பிள்ளை 1895-இல் 'மோகனாங்கி' எழுதிவிட்டார். நாயக்கர் காலக் கதை. ஆனால் அந்த வகை வேர்பிடித்தது கல்கியால்தான். 1941-இல் தொடங்கிய 'பார்த்திபன் கனவு', பிறகு 'சிவகாமியின் சபதம்', 1950-இலிருந்து 1954 வரை ஓடிய 'பொன்னியின் செல்வன்' ஆகியவை வாரப் பத்திரிகைக்குச் சரித்திரத் தொடர் ஒரு தவிர்க்க முடியாத அங்கம் என்று ஆக்கிவிட்டன. 1954 டிசம்பரில் கல்கி காலமானார். வாசகர்களுக்குப் பசி இருந்தது, பத்திரிகைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. அகிலன், ஜெகசிற்பியன், விக்கிரமன், நா. பார்த்தசாரதி, கோவி. மணிசேகரன் என்று பலர் அந்தக் களத்தில் இறங்கினார்கள். அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' 1963-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. சாண்டில்யனுக்கு அப்படிப் பரிசு எதுவும் வரவில்லை. வாசகர்கள்தான் வந்தார்கள்.

கல்கியிடமும் கடல் உண்டு என்று உடனே யாராவது சொல்வார்கள். உண்மைதான். பூங்குழலி படகு ஓட்டுகிறாள், புயலில் கப்பல் எரிகிறது, வந்தியத்தேவன் ஈழத்துக்குப் போய்வருகிறான். ஆனால் கல்கியின் மனம் காவிரியோடு ஒட்டியது. ஆடிப்பெருக்கும் வீரநாராயண ஏரியும் தஞ்சைக் கோட்டையும்தான் அவர் நிலம். கடல் அங்கே கடந்துபோக வேண்டிய ஓர் இடைவெளி. சாண்டில்யனிடம் கடலே களம். கதாநாயகன் அங்கே வாழ்கிறான், பிழைக்கிறான், தொழில் கற்கிறான், தோற்கிறான்.

இதற்கு 'கடல் புறா'வைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். கதாநாயகன் கருணாகரத் தொண்டைமான். வரலாற்றில் இவன் யார்? முதல் குலோத்துங்கனின் படைத்தலைவன், வண்டை நகர்க்காரன், 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிங்கத்தின் மேல் போன சோழப் படையை நடத்தியவன். செயங்கொண்டாரின் 'கலிங்கத்துப்பரணி' அவனைத்தான் பாடுகிறது. அந்தப் படையெடுப்பின்போது அவன் முதிர்ந்த தளபதி. அதற்கு முன் அவன் எங்கே இருந்தான், யாரிடம் போர்த்தொழில் பழகினான், கலிங்கத்தின் மேல் அவனுக்கு என்ன கோபம் என்பதற்கெல்லாம் சான்று கிடையாது. சாண்டில்யன் நுழைந்தது அந்த இடைவெளியில். வீரராசேந்திரன் காலத்தில், சமாதான ஓலையோடு கலிங்கத்தின் பாலூர்ப் பெருந்துறைக்கு வந்திறங்கும் இளைஞனாகக் கருணாகரனைக் காட்டுகிறார். அங்கே தமிழர்கள் சிறைப்படுகிறார்கள், கடாரத்து அரச குடும்பத்தைச் சேர்ந்த குணவர்மனும் அவன் மகள் காஞ்சனாதேவியும் சோழ உதவி தேடி வந்து மாட்டிக்கொள்கிறார்கள். தூதனாக வந்தவன் குற்றவாளியாகி, தப்பிக் கடலில் போய், சீனக் கொள்ளைக்காரன் அகூதாவிடம் கடற்போர் பயின்று, அமீர் என்ற அரபியையும் கண்டியத்தேவன் என்ற பழுத்த மாலுமியையும் துணையாகக் கொண்டு, சொந்தக் கப்பல் ஒன்றைக் கட்டுகிறான். அந்தக் கப்பலின் பெயர்தான் நாவலுக்குப் பெயர்.

இரண்டாம் பாகத்தின் பெரும்பகுதி சுமத்திராவின் கரையில், அக்ஷயமுனை என்ற கோட்டைத் துறைமுகத்தில் நடக்கிறது. எனக்கு அந்தப் பாகம்தான் நாவலின் உயிர். எதிரித் துறைமுகத்துக்குள் நுழைந்து, அதன் தலைவனைப் பேச்சிலேயே மடக்கி, அங்குள்ள பழங்குடிகளையும் கொள்ளைக்காரர்களையும் தன் பக்கம் திருப்பி, கண்ணெதிரேயே ஒரு போர்க்கப்பலை உருவாக்கும் நிதானமான சதுரங்கம் அது. கப்பலின் பக்கப்பலகை எப்படிப் பொருத்தப்பட வேண்டும், எந்தக் கோணத்தில் வரும் எதிரிக் கப்பலின் மேல் எந்தத் தளத்திலிருந்து அம்பும் எரியும் பொருளும் வீச வேண்டும், காற்று திரும்புகிற நேரத்தைப் போர்த்தந்திரத்தில் எப்படிச் சேர்த்துக்கொள்வது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார். இவையெல்லாம் 11-ஆம் நூற்றாண்டுக் கப்பல் சாத்திரம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு தொழிலை அதற்குரிய பொறுமையோடு காட்டும் எழுத்து அது. தமிழ் ஜனரஞ்சக எழுத்தில் ஒரு தொழில் இவ்வளவு விரிவாகக் கதையாக்கப்பட்டது அரிது.

இங்கே ஒரு கல்வெட்டு நினைவுக்கு வருகிறது. சுமத்திராவின் மேற்குக் கரையில், பாருஸ் பக்கத்து லோபு துவாவில் 1873-இல் ஒரு தமிழ்க் கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது. சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகர் குழு வெட்டியது. அந்தத் துறைக்கு வரும் மரக்கல நாயகன் முதலானோர் கஸ்தூரியின் விலையை அளவாக வைத்துப் பொன்னாக வரி செலுத்த வேண்டும் என்று அது சொல்கிறது. குலோத்துங்கன் ஆட்சிக்காலம். கருணாகரன் உயிரோடு இருந்த காலம். நாவலாசிரியரின் கற்பனைத் துறைமுகத்துக்குச் சற்றே தள்ளி ஒரு நிஜத் துறைமுகத்தில் நிஜத் தமிழ்க் கப்பல்காரர்கள் வரி கட்டிக்கொண்டிருந்தார்கள். 1090-இல் கடாரத்து அரசனின் தூதர்கள் குலோத்துங்கனிடம் வந்து, நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரங்களுக்கான ஊர்களுக்கு வரிவிலக்குப் பெற்றதை லெய்டன் சிறிய செப்பேடு சொல்கிறது. ஆக, 'கடல் புறா'வின் ஆட்கள் கற்பனை. அவர்கள் உலாவும் உலகம் கற்பனையில்லை.

'யவன ராணி'யில் அவர் இன்னும் பின்னால் போகிறார். கரிகாலன் காலத்துப் புகார். இரவில் கடற்கரையில் நடந்துவரும் படைத்தலைவன் இளஞ்செழியன் காலில் இடறுகிறாள் கரையொதுங்கிய யவன ராணி. தமிழகத்தில் யவன ஆட்சி நிறுவுவாள் என்று சோதிடர்கள் கணித்து அனுப்பியவள். டைபீரியஸ், ஹிப்பலாஸ் என்று யவனப் பாத்திரங்கள் வருகிறார்கள். பருவக்காற்றோடு இந்தியாவுக்கு வரும் நேர்வழியைக் கண்டவனாகப் பழைய கிரேக்க ஆவணம் சொல்லும் மாலுமியின் பெயர் ஹிப்பாலஸ். அதை எடுத்துத் தன் நாவலின் பாசமான துணைப்பாத்திரத்துக்குச் சாண்டில்யன் சூட்டியிருக்கிறார். கதை கரிகாலனின் வெண்ணிப் போரை நோக்கி நகர்ந்தாலும் இடையில் இளஞ்செழியன் அரபுக் கரை வரை இழுத்துச் செல்லப்படுகிறான். 1945-இல் அரிக்கமேட்டை வீலர் அகழ்ந்து ரோமானிய வாணிகத்துக்குத் தடயம் எடுத்த செய்தி தமிழ்நாட்டில் பரவி இருபது ஆண்டுகூட ஆகாத காலத்தில் இந்தத் தொடர் எழுதப்பட்டது. ஆய்வேட்டில் இருந்த செய்தி, தொடரை வெளியிட்ட குமுதம் வார இதழின் வாசகர் கைக்கு ஒரு பெண்ணாகவும் ஒரு கப்பலாகவும் வந்து சேர்ந்தது.

'ஜலதீபம்' தமிழகத்தை விட்டே வெளியேறிவிடுகிறது. தஞ்சையிலிருந்து கொங்கணக் கரைக்குப் போகும் இதயசந்திரன், மராட்டியக் கடற்படைத் தலைவர் கனோஜி ஆங்கரேயிடம் சேர்கிறான். ஆங்கரேயை ஆங்கிலேயர் கடற்கொள்ளைக்காரர் என்றே எழுதிவைத்தார்கள். 1729-இல் இறக்கும்வரை அவரை அவர்களால் அடக்க முடியவில்லை. சுதந்திர இந்தியாவின் கடற்படை 1951-இல் பம்பாய்த் தளத்துக்கு அவர் பெயரை வைத்தது. பள்ளிப் பாடத்தில் அவரைப் படித்திராத தமிழ் வாசகர்களுக்கு ஆங்கரேயை அறிமுகப்படுத்தியது இந்த நாவல்தான். கந்தகுப்தன் காலத்து ஹூணர் படையெடுப்பைச் சொல்லும் 'மலைவாசல்', கிளைவின் காலத்து ஆற்காட்டுப் போர்களைச் சொல்லும் 'ராஜ பேரிகை', ராசேந்திரனின் கங்கைப் படையெடுப்பைப் பின்னணியாகக் கொண்ட 'மன்னன் மகள்', பாண்டியர் உள்நாட்டுப் போரின் 'கன்னி மாடம்' என்று அவருடைய பரப்பு விரிகிறது. சுமார் 50 நாவல்கள். எல்லாம் ஒரே தரம் என்று சொல்வதற்கில்லை. 1970-களுக்குப் பிறகு வந்த பல சிறு நாவல்கள் பழைய அச்சில் வார்த்தவை. அவற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல அதிகமில்லை.

இனி வர்ணனைக்கு வருவோம். சாண்டில்யன் மேல் சொல்லப்படும் முதல் குற்றச்சாட்டு இதுதான், நியாயமான குற்றச்சாட்டும்கூட. ஒரு பெண் அறைக்குள் நுழைந்தால் கதை நின்றுவிடும். தலையிலிருந்து பாதம் வரை அவர் பார்வை இறங்கும், பிறகு மேலே ஏறும். சமஸ்கிருத காவிய மரபின் அலங்காரமும் நம் கலம்பக, உலா மரபின் சிருங்காரமும் அவர் கையில் கலந்து ஒரு வாரத்துக்கான பக்கங்களில் பாதியைத் தின்றுவிடும். கதாநாயகனுக்கு இரண்டு பெண்கள் என்பது எழுதாத விதி. 'கடல் புறா'வில் காஞ்சனாதேவியும் மஞ்சளழகியும். 'யவன ராணி'யில் ராணியும் பூவழகியும். பெண்ணின் சம்மதத்தை அவர் காட்டும் விதத்தில் இன்றைக்கு நமக்கு உறுத்தும் இடங்கள் இருக்கின்றன. கோபத்தை நாணமென்றும் மறுப்பை ஊடலென்றும் கதாநாயகன் படித்துக்கொள்கிறான், ஆசிரியரும் அவன் பக்கமே நிற்கிறார். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள் என்ற சமாதானம் எனக்குப் போதவில்லை. அதே காலத்தில் வேறு மாதிரி எழுதியவர்களும் இருந்தார்கள்.

ஆனால் அதே பெண்கள் வேறு ஒன்றும் செய்கிறார்கள். காஞ்சனாதேவி வாளெடுக்கிறாள், கப்பலில் தளபதியாக நிற்கிறாள். யவன ராணி இளஞ்செழியனுக்கு நிகராக, சில இடங்களில் அவனையும் மிஞ்சி, அரசியல் கணக்குப் போடுகிறாள். எதிரியின் மனத்தை முதலில் படிக்கிறவள் பல சமயம் பெண்தான். கதாநாயகன் ஏன் இப்படிச் செய்தான் என்று மற்ற ஆண்கள் திகைத்து நிற்கும்போது, மூலையில் அமர்ந்து அவன் திட்டத்தை அவிழ்த்துச் சொல்கிறவளும் பெண்தான். உடலாக இவ்வளவு விரித்துக் காட்டப்பட்டவர்களே புத்தியாகவும் இவ்வளவு மதிக்கப்பட்டார்கள் என்பது விசித்திரமான இரட்டை நிலை. குமுதத்தின் வாசகியர் கூட்டம் இந்தத் தொடர்களைக் கைவிடாமல் படித்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். வீட்டுக்குத் தெரியாமல் சாண்டில்யன் படித்த பெண்கள் அந்தத் தலைமுறையில் எத்தனையோ பேர். அவர்கள் அதில் எதை எடுத்துக்கொண்டார்கள், எதைத் தள்ளினார்கள் என்று யாரும் உட்கார்ந்து கேட்டதாகத் தெரியவில்லை. விமர்சனம் எழுதியவர்கள் அனேகமாக ஆண்கள். அவர்கள் தங்கள் பதின்வயதுக் கிளர்ச்சியை மட்டுமே வாசிப்பின் முழு வரலாறாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

வர்ணனையின் நீளத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது தொடர்கதையின் பொருளாதாரம். குமுதம் அவருக்கு மாதச் சம்பளம் கொடுத்து எழுதவைத்தது; அன்றைய எழுத்தாளர்களில் அந்த வசதி மிகச் சிலருக்கே வாய்த்தது. சம்பளம் வாங்குகிறவர் வாராவாரம் தன் பக்கங்களை நிரப்பியாக வேண்டும், அடுத்த வாரம் வாசகர் கடைக்கு வந்தாக வேண்டும். அதனால் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு கதவு திறக்கும் சத்தத்திலோ, எதிர்பாராத ஒரு குரலிலோ, கதாநாயகன் முகத்தில் படரும் ஒரு புன்முறுவலிலோ முடியும். அடுத்த வாரம் அந்தப் புன்முறுவலின் காரணத்தை ஆராய்ந்து நாலு பத்தி போகும். ஒரே மூச்சில் நூலாகப் படிக்கிறவருக்கு இது இழுவை. ஏழு நாள் காத்திருந்து படித்தவருக்கு அதுவே தாளம். நூல் வடிவில் மட்டும் சாண்டில்யனை அறிந்தவர்கள் அவரைப் பாதிதான் அறிந்திருக்கிறார்கள் என்பேன்.

மறுபாதியில் ஓவியர் லதா இருக்கிறார். கருணாகரனின் மீசையும் ராணியின் நெற்றிச்சுருளும் கப்பலின் முகப்பும் தமிழர் மனத்தில் பதிந்தது அவருடைய கோடுகளால். தொடரைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து பைண்டு செய்துவைக்கும் பழக்கம் அன்று வீடுதோறும் இருந்தது. எங்கள் வீட்டில் அப்படி ஒரு 'ஜலதீபம்' உண்டு. நீலக் காலிகோ முதுகு, பசை காய்ந்து நொறுங்கும் ஓரங்கள், ஒரு பக்கம் ஆங்கரேயின் கோட்டை, மறுபக்கம் தலைவலி மாத்திரை விளம்பரம். நடுவில் இரண்டு வாரம் கிடைக்காமல், அந்த இடத்தில் யாரோ கையெழுத்தில் கதைச் சுருக்கம் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். வாடகை நூலகங்கள் இத்தகைய பைண்டுகளை நம்பித்தான் நடந்தன. அச்சான பிரதிகளின் எண்ணிக்கையை வைத்து அவர் வாசகர்களைக் கணக்கிட முடியாது. ஒரு பைண்டு ஒரு தெருவையே சுற்றிவரும்.

வரலாற்று நம்பகம் என்ற கேள்வி சிக்கலானது. சாண்டில்யன் தன் முன்னுரைகளில் சான்றுகளை எடுத்துவைத்து வாதாடுவார். எது வரலாற்றில் உள்ளது, எது தன் சேர்க்கை என்று ஓரளவு பிரித்தும் காட்டுவார். இது நேர்மை. ஆனால் முன்னுரையைப் படிக்கிறவர்கள் குறைவு. கதையை நம்புகிறவர்கள் அதிகம். சோழர் கடற்படையைப் பற்றி இன்று மேடையிலும் இணையத்திலும் சொல்லப்படும் செய்திகளில், கப்பல் வகைகளின் பெயர் தொடங்கி தளபதிகளின் சாகசம் வரை, நாவல் வாசனை தூக்கலாக வருகிறது. ஆவணம் சொல்வது என்ன? ராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, கடல் நடுவே பல கலங்களை அனுப்பிக் கடாரத்து அரசனைப் பிடித்ததையும், 1025-ஐ ஒட்டி வெல்லப்பட்ட ஊர்களின் பட்டியலையும் சொல்கிறது. எத்தனை கலம், எந்த வகை, யார் மாலுமி, வணிகரின் கப்பலா அரசனின் கப்பலா என்பதையெல்லாம் சொல்லவில்லை. நிலைத்த கடற்படை என்று ஒன்று இருந்ததா, வணிகக் கப்பல்களைத் தேவைக்குத் திரட்டினார்களா என்று ஆய்வாளர்கள் இன்னமும் விவாதிக்கிறார்கள். அந்த மௌனத்தை நிரப்பியது சாண்டில்யனின் வெற்றி. நிரப்பியதை நாம் ஆவணமாக எடுத்துக்கொண்டது நம் பிழை. அதில் அவருக்கும் பங்கு உண்டு. தமிழன் தோற்கும் கடற்போர் அவரிடம் அநேகமாக இல்லை. எதிரித் தரப்பின் நியாயம், கடாரத்து மக்கள் சோழப் படையெடுப்பை எப்படி அனுபவித்தார்கள் என்ற கேள்வி, அவர் பக்கங்களில் எழுவதே கிடையாது.

அவர் எழுதிய காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1966-இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியது. 1967-இல் தமிழ்நாட்டில் ஆட்சி திராவிட இயக்கத்தின் கைக்கு மாறியது. 1968-இல் இரண்டாம் மாநாடு சென்னையில். தமிழரின் பழம்பெருமை தெருவுக்கு வந்த ஆண்டுகள் அவை. சாண்டில்யன் திராவிட இயக்கத்தவர் இல்லை. அவர் நடை வடமொழி தோய்ந்தது, மனம் காங்கிரஸ்காரருடையது. ஆனாலும் அந்த இயக்கம் கிளப்பிய பெருமிதத்துக்குக் கதை உருவம் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். பி.ஆர். பந்துலுவின் 'ஆயிரத்தில் ஒருவன்' 1965-இல் எம்.ஜி.ஆரைக் கடற்கொள்ளைக்காரனாகக் கப்பலில் நிறுத்தியதும் இதே காற்றில்தான். ரஃபேல் சபாட்டினியின் ஆங்கிலக் கடற்சாகச நாவல்கள் இந்தப் படத்துக்கும் சாண்டில்யனின் கதைகளுக்கும் பின்னால் நிற்பதாக எனக்குப் படுகிறது. அநியாயமாகத் தண்டிக்கப்பட்ட கனவான் கொள்ளைக்காரனாகி நியாயத்தை மீட்கும் அச்சு சபாட்டினியுடையது. சாண்டில்யன் அதை வாங்கிப் பரணியிலும் பட்டினப்பாலையிலும் நட்டார். நட்ட இடத்தில் அது வேறு செடியாக வளர்ந்தது.

கடாரம் என்பது இன்றைய மலேசியாவின் கெடா. புஜாங் பள்ளத்தாக்கில் பழைய கோயில் எச்சங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழருக்கு 'கடல் புறா' தம் வாசலுக்கே வந்த கதை. தோட்டத்துக் கூலிகளின் வம்சம் என்று மட்டுமே சொல்லப்பட்டுவந்த ஒரு சமூகத்துக்கு, அதே மண்ணில் 900 ஆண்டுக்கு முந்தைய தமிழ்க் காலடியை அந்த நாவல் காட்டியது. அந்தக் காலடி படையெடுத்து வந்தவனுடையதும்தான் என்ற சங்கடத்தையும் அங்கிருப்பவர்கள் நம்மைவிட நன்றாக உணர்ந்திருப்பார்கள்.

அவருக்குப் பின் என்ன ஆயிற்று? சரித்திர நாவல் இரண்டு வழியாகப் பிரிந்தது. பிரபஞ்சன் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை அடிப்படையாக வைத்து 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' எழுதினார். இரண்டாவதற்கு 1995-இல் சாகித்திய அகாதெமி விருது. அது சாண்டில்யனை மறுத்து எழுந்த வழி. சாகசமும் உபாயமும் ஒதுங்கி, சந்தையும் சாதியும் பசியும் முன்னுக்கு வந்தன. இன்னொரு வழி அவரையே பின்தொடர்ந்தது. அண்மையில் குங்குமத்தில் கே.என். சிவராமன் எழுதிய 'ரத்த மகுடம்' சாண்டில்யன் பாணியைத் தெரிந்தே கையிலெடுத்த தொடர். இணையத்தில் சரித்திரத் தொடர் எழுதும் இளைஞர்களின் உரையாடல்களில், படைத்தலைவன் புன்முறுவலிக்கும் விதத்தில், அவர் சாயல் அப்படியே தெரிகிறது. ஆனால் கடலை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. சோழர் அரண்மனை வாரிசுச் சண்டையே திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. கப்பல் தளத்தில் 200 பக்கம் நிற்கத் துணிந்தவர்கள் அரிது.

புகழ் எப்படிப் பரவுகிறது என்பதில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. கல்கியின் நூல்கள் நாட்டுடைமையாயின. யார் வேண்டுமானாலும் அச்சிட்டார்கள், மலிவுப் பதிப்புகள் குவிந்தன, மொழிபெயர்ப்புகள் வந்தன, 2022-இலும் 2023-இலும் மணிரத்னம் 'பொன்னியின் செல்வ'னை இரண்டு பாகமாகப் படமெடுத்தார். சாண்டில்யனின் நூல்களை நாட்டுடைமையாக்கத் தமிழக அரசு 2009-இல் முன்வந்தபோது வாரிசுகள் ஏற்கவில்லை. அது அவர்கள் உரிமை. நூல்கள் வானதி பதிப்பகத்தின் வழியாகத் தடையில்லாமல் கிடைத்துக்கொண்டும் இருக்கின்றன. சட்டப்படி அவர் எழுத்துகள் பொதுவுடைமையாவது 2047 முடிந்த பிறகுதான். அதுவரை தமிழறியாத வாசகருக்கு அவர் அநேகமாக எட்டாதவர். கடற்போர் நிறைந்த அந்த நாவல்களைப் படமாக்குவது அண்மைக் காலம்வரை தொழில்நுட்பத்துக்கே எட்டாத காரியம், இன்று எட்டும்.

ஆய்வுலகம் செய்ய வேண்டிய வேலை நிறைய மிச்சமிருக்கிறது. முதலில் தொடர் வடிவத்தையும் நூல் வடிவத்தையும் அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும். எதை வெட்டினார், எதை வாசகர் கடிதத்துக்கு இணங்கி நீட்டினார் என்பது அதில்தான் தெரியும். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் பழைய இதழ்களைத் தேடலாம். அவருடைய முன்னுரைகளை மட்டும் தொகுத்து, ஒவ்வொரு கூற்றுக்கும் எதிரே இன்றைய கல்வெட்டியல் என்ன சொல்கிறது என்று எழுதினால், அதுவே தமிழரின் வரலாற்று உணர்வைப் பற்றிய நல்ல நூலாகிவிடும். எல்லாவற்றையும்விட அவசரமானது வாசகர் வாய்மொழி. 1960-களில் வாராவாரம் காத்திருந்து படித்தவர்கள் இன்று எழுபதையும் எண்பதையும் தாண்டியவர்கள். குறிப்பாகப் பெண்களிடம் போய்க் கேட்க வேண்டும்: காஞ்சனாதேவியைப் பற்றிய அந்த நீண்ட வர்ணனை வந்த வாரங்களில், அதைப் படித்தீர்களா, புரட்டிவிட்டு அவள் வாளெடுக்கும் பக்கத்துக்குப் போனீர்களா?